நாலு ஓலை

"நோரா, என் பனையில நாலு ஓலையை வெட்டினது நீதானே? மழுப்பாம சொல்லு."

காலைப் பூசை முடிந்து கில்பர்ட் நேராக நோரா வீட்டுக்குத்தான் வந்திருந்தார். அடுகோடியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு.

"உள்ள வாங்கண்ணா. வழக்கை உக்காந்து பேசலாம். பிஸ்கட் எடுத்துக்குங்க."

"வேணாம். இன்னிக்கு ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான்."

கில்பர்ட் பீன்யா ஃபேக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தொட்டியில் வளர்க்கும் விசிறிப் பனை என்றால் அவருக்கு உயிர். பச்சை ஓலையில் மஞ்சள் கோடு ஓடும் ஜாதி அது. வருஷத்துக்கு மூன்று ஓலை விட்டாலே பெரிய விஷயம். தினமும் ஈரத்துணியால் ஒவ்வொரு ஓலையாகத் துடைப்பார். தன் முகத்தைக்கூட அவர் அவ்வளவு கவனித்ததில்லை.

போன வருஷம் மகள் வீட்டுக்குப் போய்வந்த இரண்டு நாளில் நாலு ஓலை காணவில்லை. தொட்டிச்செடிப் போட்டியில் அரை மொட்டையாக நின்ற பனைக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

"தண்ணி ஊத்தத்தான் உன்கிட்ட கேட் சாவி குடுத்தேன். கத்தரி எடுத்துட்டு வரச் சொல்லலையே."

"நான்தான்னு என்ன ப்ரூஃப்?"

கில்பர்ட் போனை நீட்டினார். கோயிலில் படம் எடுக்கும் நோயல் இன்று பங்குக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட பழைய படம். போன வருஷக் குருத்தோலை ஞாயிறு, பீடத்தில் நோராவின் அலங்காரம். தவக்காலம் என்பதால் பூ இல்லை. விசிறி ஓலைகளின் நுனியைக் கூராகக் கத்தரித்து அடுக்கடுக்காக விரித்திருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவருக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

"மஞ்சள் கோடு தெரியுதா?"

"வெயில் பட்டிருக்கும்ணா."

"சும்னே கதை விடாதே. ஃபாதர்கிட்டயே போறேன். பீடத்துக்கு வேற ஆளைப் போடச் சொல்றேன்."

நோராவின் சிரிப்பு நின்றது. பன்னிரண்டு வருஷமாகப் பீடத்தை அலங்கரிப்பவள். அந்த வேலை போனால் அவளுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். கில்பர்ட்டுக்கும் அது தெரியும்.

"சரி, நான்தான் வெட்டினேன். கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன். காஞ்சு சருகா இருந்தாலும் பரவாயில்ல, என் ஓலை எனக்குத் திரும்பி வரணும்."

"அதான் வந்தாச்சே. காலையில ஃபாதரே தன் கையால குடுத்துட்டாரு."

கில்பர்ட் விழித்தார். நோரா ஆணியில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். நெற்றி நடுவே சாம்பல் சிலுவை கறுப்பாகத் தெரிந்தது.

"போன வருஷக் குருத்தோலையை, பீடத்துல வச்சதையும் சேர்த்து எரிச்சுத்தானேண்ணா சாம்பல் புதனுக்குப் பூசறாங்க? இப்ப தாராளமா ஃபாதர்கிட்ட போங்க. ஓலை எங்கேன்னு கேட்டா, நெத்தியைக் காட்டுங்க."