முட்டைக்கோழியின் நட்சத்திரம்

“கம்ப்யூட்டர் தெரியும்னு சொல்லித்தானேம்மா வேலைக்குச் சேந்த?”

மோகன்குமார் கேட்டதும் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. சரிதா எழுந்து நின்றாள். பி.காம். படித்தவள், வேலைக்குப் புதுசு.

புதுச்சத்திரம் பக்கத்துக் கோழித்தீவனக் கம்பெனி அது. கம்பெனிக்கு வெப்சைட் வந்ததிலிருந்து, அதில் ஏற்றுவதை எல்லாம் மார்க்டவுனில்தான் எழுத வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சாதாரணமாக டைப் அடித்து, அங்கங்கே சில குறிகளைப் போட்டால் தலைப்பும் தடித்த எழுத்தும் தானாக வந்துவிடும்.

அதைச் சொல்லிக்கொடுக்க மேனேஜர் மோகன்குமார் பண்ணிய அலட்டல்தான் பெரிசு. எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று முதலாளி சொன்னதற்கு, ஊரே ‘ஸ்டார்’ என்று சொல்லும் * குறியைக்கூட விடாமல் தமிழாக்கிவிட்டார். தீவனத்தின் பெயர் தடிமனாக வர, முன்னும் பின்னும் நட்சத்திரம் போட வேண்டுமாம். கற்றுக்கொள்ளாதவர்கள் திங்கட்கிழமை முதல் குடோனுக்குப் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்.

குடோன் என்றால் நாளெல்லாம் தவிட்டுத் தூசி. வீசிங் வந்து அங்கிருந்து ஆபீசுக்கு மாற்றப்பட்ட அப்புசாமிக்கும் சரிதாவுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்.

அதன் திரையில் இப்போது இருந்தது இதுதான்:

‘பூரட்டாதி முட்டைக்கோழித் தீவனம் பூரட்டாதி.’

யார் அடித்தது என்று கேட்டபோது சரிதா தயங்காமல் கையைத் தூக்கியிருந்தாள். கொஞ்சம்கூட வெட்கப்படாதது மோகன்குமாருக்கு இன்னும் எரிச்சல்.

“அதென்ன பூரட்டாதி?”

“என் நட்சத்திரமுங்க சார். கோழிக்கு என்ன நட்சத்திரம்னு தெரியலீங்க. தெரிஞ்சதப் போட்டுட்டேன்.”

“ஏன், ஜாதகமும் எழுதறதுதானே? சேவல் வீட்டுல வந்து பொருத்தம் பாப்பாங்க.”

ஆபீஸ் சிரிப்பில் குலுங்கியது. பக்கத்து நாற்காலியிலேயே இருந்த அப்புசாமி ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருமினார். அவரவர் பிழைப்பு அவரவருக்கு.

மோகன்குமார் திரையைப் படம் பிடித்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மேலே, ‘படித்த மேதை’ என்று தடித்த எழுத்தில் தலைப்பு வேறு. சரிதா திங்கட்கிழமை முதல் குடோனுக்கு என்று முடிவானது.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் கம்பெனி வாசல் பிள்ளையாருக்குப் பூஜை. புதிதாக வந்த பூசாரி ஒவ்வொருவரிடமும் பெயரும் நட்சத்திரமும் கேட்டு அர்ச்சனை செய்தார்.

மோகன்குமார் முன்னால் நின்று தன் குடும்பம் முழுவதற்கும் சொல்லி முடித்தார். அடுத்து சரிதா.

“பேரு சரிதாங்க சாமி.” பக்கத்தில் நின்ற மோகன்குமாரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “பூரட்டாதி.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மோகன்குமாரும் சிரித்தார்.

பூசாரி பூவை எடுக்கும்போது, பின்னாலிருந்து அப்புசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மூச்சு வாங்கியது.

“நிறுத்துங்க சாமி. பூரட்டாதி என் நட்சத்திரமுங்க. அந்தப் புள்ளைக்கு என்னன்னு இன்னொருக்கா கேளுங்க.”