டொல்பின் வானில் நாகு கன்று

2022ஆம் ஆண்டு மார்கழி மாதம் பத்தாம் திகதி, சனிக்கிழமை. மூடிய வானம், விடாத தூறல், எலும்பைத் துளைக்கும் வாடைக்காற்று.

"மயூரதன், உந்த வானுக்கை கெதியாச் சூடு வர ஏதும் வழி இருக்கோ?" என்று முற்றத்தில் நின்று கேட்டார் அத்தான் சண்முகநாதன்.

இரண்டு நாளைக்கு முன்னர்தான் நோர்வேயிலிருந்து உடுவிலில் உள்ள அக்கா வீட்டுக்கு வந்திருந்த மயூரதன், போர்வையோடு வெளியே வந்தான். அத்தானுடைய டொல்பின் ரக வானின் பின்னிருக்கையில், வெள்ளை உறையின் மேல், சாக்கினால் சுற்றப்பட்ட ஒரு கன்று கிடந்தது. அதன் தலையை மடியில் ஏந்தியபடி பக்கத்து வீட்டு நேசம்மா அமர்ந்திருந்தார். அவருடைய ஒரே பசு, மூன்று வருடத்துக்குப் பிறகு அன்று விடியலில் ஈன்ற கன்று அது; அதுவும் நாகு, பெண் கன்று. வேலியில் நாலு கிடுகுகள் பிரிந்து கிடந்தன. அந்த வழியாக அத்தான்தான் கன்றைத் தூக்கி வந்திருக்க வேண்டும்.

மயூரதன் கன்றின் காதைத் தொட்டான். பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்தது. நடுக்கமும் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. அது நல்ல அறிகுறியன்று. முந்தின நாள் ஊர் ஊராக மாடுகள் குளிரில் விறைத்து விழுந்த செய்தியை அவனும் கேட்டிருந்தான். இங்கோ விடியற்புறம் முதல் மின்சாரம் இல்லை, விறகெல்லாம் நனைந்துபோயிற்று. அக்கா உதயகலா வேலிக்கு அப்பால் தாய்ப்பசுவுக்குச் சாக்குப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

நோர்வேயின் வடகோடியில் இருபது வருடமாகப் பஸ் ஓட்டுபவன் மயூரதன். குளிரும் டீசல் எஞ்சினும் போடும் சண்டையை அவன் தினமும் விலக்குப் பிடிப்பவன். எஞ்சினை இயக்கி, சூட்டுக் காற்றுக்கென்று இருந்த, அத்தான் ஒருநாளும் தொட்டறியாத சிவப்புக் கோட்டுத் திருகியைத் திருப்பினான். குளிர்காற்றே வந்தது.

எஞ்சின் சூடேறும்வரை அதன் தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கும் சிறிய அடைப்பான் இருக்கிறதா என்று கேட்டான்.

"அது வெக்கை நாட்டுக்குத் தேவையில்லையெண்டு கராச்சிலை அப்பவே கழட்டிப்போட்டாங்கள்," என்றார் அத்தான்.

"அப்ப வாற சூடெல்லாம் வந்த உடனை போயிடும், அத்தான். நிண்ட இடத்திலை எவ்வளவு நேரம் இரையவிட்டும் பிரியோசனமில்லை. மெதுவா ஓடினாத்தான் கெதியிலை சூடேறும்."

அத்தான் தலையைச் சொறிந்தார். நேசம்மா ஏனோ யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பிஸ்கற் பெட்டி ஒன்றைக் கிழித்து, மட்டையை றேடியேற்றரின் முகத்தில் வைத்துக் கட்டினான் மயூரதன். காற்று உட்புகாது; சூடு வெளியேறாது. எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டபோது, ஒன்பதரைக்குத் தமக்குச் சுன்னாகத்தில் ஓர் அலுவல் இருக்கிறது என்றார் அத்தான்.

"தம்பி, எனக்கும் அங்காலைதான் ஒரு அலுவல். உவரிட்டைச் சொல்லுங்கோ," என்றார் நேசம்மா.

உவரோ கையெட்டும் தூரத்தில், முன்னிருக்கையில் இருந்தார். ஆயினும் மயூரதன் சொன்னான்.

"கேட்டுது எண்டு சொல்லு," என்றார் அத்தான்.

மயூரதன் வானை ஓட்டினான். வழி நெடுக இருவருடைய வார்த்தைகளும் அவன் வாய்வழியாகவே போய்வந்தன. அயல் ஆணோடு பெண் நேரே கதைக்காத பழைய நாகரிகம் ஊரில் இன்னும் அழியவில்லையே என்று அவன் உள்ளம் பூரித்தான்.

மருதனார்மடம் சந்தி தாண்டியதும் சூட்டுமானியின் முள் அசைந்தது. விசிறியை ஒரு படி கூட்டினான். இளஞ்சூடான காற்று வானுக்குள் பரவிற்று. சிறிது நேரத்தில் கன்று தலையை நிமிர்த்தி, நேசம்மாவின் விரலைச் சூப்பத் தொடங்கியது. அடுத்த கணம் அவர் பதறினார்.

"தம்பி, சீற்றை நனைச்சுப்போட்டுது எண்டு சொல்லுங்கோ."

அத்தான் கண்ணாடியில் கன்றைப் பார்த்தார். "தோய்ச்சாப் போகும் எண்டு சொல்லு."

சுன்னாகத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்தச் சொன்னார் அத்தான். தாமும் அங்கேயே இறங்குவதாக நேசம்மாவும் சொன்னார். இறங்கும்போது கன்றின் முதுகைத் தடவிப் பார்த்து, "இன்னும் முழுசாக் காயேல்லை. நான் வருமட்டும் எஞ்சினை நிப்பாட்டிப்போடாதேங்கோ, தம்பி," என்றார். அத்தானுக்கு வந்த சிரிப்பு மீசையோடு நின்றது.

கதவில் 'இணக்க சபை' என்று எழுதிய தாள் ஒட்டியிருந்த வகுப்பறையின் யன்னலோரம் வானை நிறுத்தி, எஞ்சினை இரையவிட்டபடி காத்திருந்தான் மயூரதன். அயற்சண்டைகளைப் பேசித் தீர்க்கும் சபை அது. உள்ளே மேசைக்குப் பின்னால் மூவர் இருந்தனர். நடுவிலிருந்த தலைவர் ஒரு கடிதத்தை உரத்து வாசித்தார்.

"முறைப்பாட்டாளர் நேசம்மா. எதிராளி, பக்கத்து வளவுச் சண்முகநாதன். மேற்படியார் ஏழு மாதமாக ஒவ்வொரு விடியற்காலையும் தமது வானின் எஞ்சினை நின்ற இடத்திலேயே பதினைந்து நிமிடம் இரையவிட்டு, எமது நித்திரையைக் கெடுத்து வருகிறார்."

வாசிப்பை நிறுத்திய தலைவர் யன்னல் பக்கம் முகத்தைச் சுளித்தார். "உது ஆற்றை வான்? ஒண்டும் கேக்கேல்லை. நிப்பாட்டச் சொல்லுங்கோ."

சண்முகநாதன் எழுந்தார். நேசம்மா அவருடைய முகத்தை நேரே பார்த்தார்.

"நிப்பாட்ட வேண்டாம், அண்ணை," என்றார்.

முறைப்பாடு மீளப் பெறப்பட்டபோது நேரம் சரியாக ஒன்பது மணி நாற்பத்தேழு நிமிடம்.