கப்பல் நாளில் ஒழுகும் குழாய்

முதலில் என்னைக் காட்டிக்கொடுத்தவள் கலோலைனேதான். அதை நான் மறக்கவில்லை.

எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் குழாய், கதவு, மின்விசிறி எல்லாம் பழுது பார்ப்பவன் நான். அவள் ஹெல்ப் டெஸ்க். எந்த வார்டில் எது உடைந்தாலும் அவளுடைய கம்ப்யூட்டருக்குப் புகார் போகும். அங்கிருந்து என் போனுக்கு வரும்.

என் மகன் சமிசோனி ஆப்பிள் பறிக்க ஆஸ்திரேலியா போனான். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றான். வரவில்லை. பிறகு போனும் நின்றது. ஒருநாள் வேலை நேரத்தில் துறைமுகத்துக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

"ஃபெலெத்தி எங்கே?" என்று மேனேஜர் சித்திவேனி கேட்டிருக்கிறார்.

"துறைமுகத்துல" என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

"பெரியவரே, புகார் இல்லாம இன்னொரு தடவை வெளியே போனா உங்களுக்கு இங்கே வேலை கிடையாது" என்றார் மேனேஜர்.

அதோடு விட்டாளா? அடுத்த கப்பல் நாளிலேயே ஒரு புகார். 'துறைமுக மருந்துக் கிடங்கில் குழாய் ஒழுகுகிறது.' போனேன். ஒழுகவில்லை. அதற்கடுத்த கப்பலுக்கும் அதே புகார். வருஷக்கணக்காக அதே. ஊரே கப்பலை எதிர்பார்த்துக் கூடியிருக்கும். நான் மட்டும் ஒழுகாத குழாய்க்குப் பக்கத்தில் ஸ்பேனரும் கையுமாக நிற்பேன்.

"என்ன ஃபெலெத்தி, குழாய்க்கு இன்னிக்கும் சளியா?" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேலி செய்வார்கள்.

நின்றால் கண் தானாகக் கடலுக்குப் போகும். அந்த வெயிலில் கடலும் வானமும் ஒன்றாகக் கரைந்து கிடக்கும். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டே இருந்தால் அது கப்பலாகும். ஆட்கள் இறங்குவார்கள். தூரத்தில் எல்லாரும் சமிசோனி. கிட்டே வந்தால் வேறு யாரோ.

நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. குழாய்க்காகத்தான் நின்றேன்.

இந்த வாரம் ஆக்லாந்திலிருந்து க்ரெய்க் என்று ஒரு பையன் வந்தான். ஹெல்ப் டெஸ்க் சாஃப்ட்வேர் அரதப்பழசாம். கலோலைனே அதில் இங்கே ஒரு ஒட்டு, அங்கே ஒரு தையல் என்று தன் இஷ்டத்துக்குப் போட்டு வைத்திருக்கிறாளாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டுமாம்.

ஜெபம் சொல்லிக் கூட்டம் ஆரம்பித்தது. பக்கத்து அறையில் தேங்காய்ப் பாலில் வெந்த இலைக்கறி மணத்தது. பாதிப் பேருக்குக் கண் சொருகியது.

"ஒவ்வொண்ணா படிக்கிறேன். வேணுமா வேண்டாமான்னு சொல்லுங்க" என்றான் க்ரெய்க். "பிரசவ வார்டு புகாருக்கு மட்டும் மணி அடிக்குது?"

"வேணும்."

"ஞாயித்துக்கிழமை காலையில மின்விசிறி புகாரை எடுக்காது?"

"அந்த நேரத்துல எல்லாரும் சர்ச்சுல ஓலை விசிறியால வீசிக்கிட்டு இருப்போம். யாரு தம்பி வந்து பார்ப்பா?" என்றாள் ஒரு நர்ஸ். சிரித்தார்கள்.

"துறைமுகக் குழாய்..."

நான் எழுந்துவிட்டேன். "அதை முதல்ல தூக்கு. அந்தக் குழாய் ஒழுகினதே இல்ல. என்னை வெயில்ல நிக்க வைக்கணும்னே இவ செஞ்ச வேலை."

கலோலைனே தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"தூக்கிடலாம்" என்றான் க்ரெய்க். "ஆனா இருக்கறதுலேயே கஷ்டப்பட்டு செஞ்சது இதுதான். காத்தடிச்சு கப்பல் தாமதமானா புகாரும் தாமதமா வருது. கப்பல் வராத வாரம் புகாரும் வர்றதில்ல. ஒரு குழாய்க்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவாங்களா?"

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நல்லதாப் போச்சு பெரியவரே" என்றார் மேனேஜர். "இனிமே கப்பல் நாள்ல நீங்க எங்கேயும் போக வேண்டாம்."

போக வேண்டாம். போகவும் முடியாது. 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவள் முன்னால் எப்படிச் சொல்வது?

ஜன்னலுக்கு வெளியே கடல் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. அதன் கோடியில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"சாப்பிடப் போகலாம். கலோலைனே, ஜெபம் சொல்லி முடிச்சு வை" என்றார் மேனேஜர்.

எல்லாரும் கண்ணை மூடினோம்.

"ஆண்டவரே, க்ரெய்க் பத்திரமா வீடு போய்ச் சேரட்டும். புது கம்ப்யூட்டருக்கு நல்ல புத்தி கொடும். துறைமுகக் குழாய் இன்னிக்கும் ஒழுகுது, உமக்கே தெரியும். இனி வர்ற கப்பல் நாள்லயும் ஒழுகும். எங்க ஃபெலெத்தி போய் நிக்கிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும்."

ஜெபத்தை மறுத்துப் பேச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. "ஆமென்" என்றது அறை. மேனேஜரும் சொன்னார்.

க்ரெய்க் திருதிருவென்று விழித்தான். "அப்ப இது வேணுமா, வேண்டாமா?"

மேனேஜர், மரியாதைக்காக எங்கள் ஊரில் இடுப்பில் சுற்றும் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே எழுந்தார். "ஆமென் சொல்லியாச்சே தம்பி. வை."

"ஆனா புதுசுல ஒழுகுறதுக்கு போட்டோ கேக்கும்."

"அதெல்லாம் எடுப்பார்" என்றாள் கலோலைனே.

என் போன் அடித்தது. துறைமுகக் குழாய்ப் புகார். சாப்பிடாமலே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

குழாய் எப்போதும்போல் காய்ந்து கிடந்தது. ஜெபத்தில் சொன்னது பொய்யாகக் கூடாது. நானே அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். ஒரு சொட்டு விழுந்தது. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டுக் கடலைப் பார்த்து நின்றேன்.

அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுத்ததற்கு அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற வரை நான் விடப்போவதும் இல்லை.