நாகலிங்கம் சாப்பிட்டால்தான்

சுகந்தியின் குடல் தானாக அசைவதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. கணவன் நாகலிங்கம் சாப்பிடும்போது அவன் குடலில் எழும் அசைவை, அவள் வயிற்றுக்குள் வைத்த சிறு கருவி வாங்கி அவள் குடலுக்குக் கொடுக்கும். அவன் சாப்பிட்டால்தான் அவளுக்குச் செரிக்கும்.

இன்று கூடத்தில் அவன் அம்மாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். அவன் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. நேற்றுச் சாப்பிட்டது அப்படியே தேங்கி, பின்னறையில் சுகந்தி உப்பிய வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள்.

"நான் பொறுத்துக்கறேங்க. நீங்க அத்தைகிட்டப் போங்க," என்றவள், சொல்லி முடிப்பதற்குள் பச்சையாக வாந்தியெடுத்தாள்.

நாகலிங்கம் பக்கத்து வீட்டில் சோறு கேட்டு வாங்கிவந்து, அவளருகில் உட்கார்ந்து விழுங்கத் தொடங்கினான்.

அவன் அக்கா கதவைத் திறந்தாள். "பெத்தவ அங்க கிடக்கறா. உனக்குச் சோறு இறங்குதாடா?"

"இறங்கலக்கா," என்று அழுதுகொண்டே அடுத்த கவளத்தை உருட்டினான்.