தக்காளிக் கம்பு

2011 மே 21, சனிக்கிழமை. பென்சில்வேனியாவின் ஹெம்லாக் பள்ளத்தாக்கில், துப்பாக்கியை மேசைமேல் மணல்பையில் கிடத்தி ஆயிரம் கெஜத் தொலைவுக்குச் சுடும் போட்டி. எடை குறைந்த துப்பாக்கிகளுக்கான இலகுப் பிரிவில் நடீன் ஷெஃபரின் ஐந்து குண்டுகளும் நான்கேகால் அங்குலத்துக்குள் விழுந்தன.

இரண்டாம் இடம் எல்வுட் மார்ட்ஸுக்கு. ஐந்தே முக்கால்.

கோப்பை சங்கக் கூடத்து மேசைமேல் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஜெயித்தவர் தன் கருவிகளை ஒன்றுவிடாமல் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அங்கே கோப்பை தருவார்கள். அந்தத் தாள் வருடம் முழுக்கப் பலகையில் தொங்கும். திங்கட்கிழமை காலை எல்லோரும் அதைப் பார்த்துத்தான் சாமான் வாங்குவார்கள்.

எல்வுட் பீன்ஸ் சூப்போடு வந்து நடீனின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"சீக்கிரம் எழுதும்மா," என்றார் செயலாளர் மெர்ல். "ஆறு மணிக்கு உலகம் அழியுதுன்னு ரேடியோவுல ஒரு ஆள் சொல்லிட்டிருக்கான்."

"அழியட்டும் மெர்ல். அந்தத் துப்பாக்கிக் குழல் எங்க கிடைச்சுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாகறேன்," என்றார் எல்வுட்.

கூடமே சிரித்தது. நடீன் எழுதிக்கொண்டிருந்தாள்.

தோட்டா அடைக்கும் பூட்டு: அப்பாவுடையது.

அப்பா ரஸ்ஸல், பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே கூடத்தில் எல்வுட்டிடம் ஒரு பழைய குழல் வாங்கினார். "நானூறு தோட்டாதான் போயிருக்கு ரஸ்," என்றார் எல்வுட். ஒரு குழல் எத்தனை தோட்டா கண்டது என்பதை அங்கே யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சொன்னால் சொன்னதுதான்.

டெலஸ்கோப்: சின்னது, பழையது.

துப்பாக்கி பதினேழு பவுண்டைத் தாண்டினால் இலகுப் பிரிவில் சேர்க்கமாட்டார்கள். தடித்த குழலைப் போட்ட நடீன், அந்த எடையை டெலஸ்கோப்பில்தான் குறைத்தாள். குழலை இழைத்து மெலிதாக்குவது நல்லது என்று மெர்ல்கூடச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

எல்வுட்டிடம் வாங்கிய குழலைப் பூட்டிய நாளிலிருந்து அப்பாவின் குண்டுகள் பத்து அங்குலத்துக்குச் சிதறின. வெடிமருந்தை மாற்றினார். டெலஸ்கோப்பை மாற்றினார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாற்றினார்.

"குழல்ல ஒண்ணுமில்ல ரஸ். கையிலதான் கோளாறு," என்று எல்வுட் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இரண்டாவது வருடம் அப்பா சுடுவதை நிறுத்தினார். அதற்குப் பிறகு காபியைத் தூக்கும் முன்னால்கூட ஒருமுறை தன் கைகளைப் பார்ப்பார்.

அவர் இறந்த பிறகுதான் நடீன் அந்தக் குழலுக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தாள். உட்சுவர் காய்ந்த குளம்போல வெடித்துக் கிடந்தது. இரண்டாயிரம் தோட்டாவுக்குக் குறையாது என்றார் கடைசல்காரர்.

குண்டு: குளிர்காலம் முழுக்க ஒவ்வொன்றாக எடை நிறுத்து, ஆயிரத்தில் தேறிய நூற்று அறுபது.

வெடிமருந்து: எல்லாம் ஒரே டப்பா.

ஒரு கட்டம் மிச்சம் இருந்தது.

"எழுது பொண்ணே," என்றார் எல்வுட். "யாரு செஞ்ச குழல்? பத்து வருஷமா இப்படி ஒண்ணத்தான் தேடிட்டிருக்கேன்."

நடீன் தோளைச் சற்று விலக்கிக்கொண்டாள், அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. நிதானமாக எழுதினாள்.

குழல்: எல்வுட் மார்ட்ஸ் கழித்துப் போட்டது. அவரிடம் போன தோட்டா 1,420. என்னிடம் 96.

போன அக்டோபரில் அவர் அதைக் கூடத்துக்கு வெளியே இருந்த பழைய இரும்புக் குவியலில் வீசினார். மூன்று போட்டிகளில் சிதறியிருந்தது. அவர் விரித்துக் காட்டிய நோட்டில் ஆயிரத்து நானூறு தாண்டியிருந்தது. எண்ணிக்கை முடிந்தால் குழலும் முடிந்தது என்பது அவர் கணக்கு. உள்ளே பார்க்கவில்லை.

தேய்ந்த குழல்களைத் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் கம்பாக நடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"எடுத்துட்டுப் போ பொண்ணே, தக்காளிக்கு நட்டுக்கோ," என்று அன்றைக்கு எல்வுட் சொன்னார். "உங்கப்பன் கை மாதிரி இல்ல. ஆடாம நிக்கும்."

உள்ளே இருந்தது தேய்மானம் இல்லை, வளையமாக இறுகிப்போன கரி. பிரஷ்ஷும் எண்ணெயுமாக மூன்று நாள் தேய்த்தாள். போய்விட்டது. பின்முனையைக் கொஞ்சம் கடைந்து, அப்பாவின் பூட்டில் பொருத்தினாள்.

மெர்ல் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். பலகையில் ஊசியால் குத்தி மாட்டினார். கூட்டம் பலகையைச் சூழ்ந்தது.

"எல்வுட், உன் தக்காளி இந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்கே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

இந்தத் தடவை சிரிப்பு ஓய வெகுநேரம் ஆனது.

எல்வுட் சூப்பை மேசையில் வைத்தார். கொஞ்சம் சிந்தியது. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"திருப்பிக் குடுத்துடு, நடீன். என்ன வேணுமோ கேளு."

"நீங்க அன்னைக்குச் சொன்னபடியே செஞ்சுடறேன், எல்வுட்."

ஆறு மணிக்கு உலகம் அழியவில்லை.

ஏழு மணிக்கு நடீன் குழலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றினாள். வாய்ப்பக்கத்தைக் கீழே வைத்து, வீட்டுத் தோட்டத்தின் வேலியோரமாக, சம்மட்டியால் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணில் இறக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் சாலை. எல்வுட் ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகும் சாலை.

அந்த வருடம் தக்காளி செப்டம்பர் கடைசிவரை காய்த்தது.