பதினெட்டு மணி நேரத்துக்கு மேல்

லேப்டாப்பின் பேட்டரி ஐந்து சதவீதத்தில் இருந்தபோது எடிட்டரிடமிருந்து போன் வந்தது.

"சார், வழக்கம்போல 'இத்தனை மணி நேரத்துக்கு மேல்'னு எழுதி அனுப்பிடாதீங்க. மத்தவங்க எல்லாம் நிமிஷக் கணக்கு கொடுக்குறாங்க. இந்தத் தடவையும் சரியான நேரம் வரலேன்னா உங்க பக்கத்தை வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிட்டாங்க. பத்து மணிக்குள்ள வேணும் சார்."

சரி என்றேன். அந்தப் பெண்ணுக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. மேலே யாரோ அவள் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

எழுதுவது லேப்டாப்புகளைப் பற்றி. அதிலும் பையில் போட்டதே தெரியாத லேசு ரகம் மட்டும். பத்திரிகையில் எனக்குத் 'தராசு' என்று பெயர்.

எடை, வேகம், விலை. இந்த மூன்றில் இரண்டைத்தான் கேட்கலாம் என்று நான்கு வருடமாக மாய்ந்து மாய்ந்து எழுதிவருகிறேன். லேசாகவும் வேகமாகவும் இருந்தால் விலை கையைக் கடிக்கும். லேசாகவும் மலிவாகவும் இருந்தால் நாலு வேலையைச் சேர்த்துக் கொடுத்ததும் மூச்சு வாங்கும். எதை விடுவது என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள், இல்லாவிட்டால் பேசாமல் வீட்டில் இருங்கள்.

மேசையில் இருந்த லேப்டாப் இந்த மூன்றிலுமே ஓரளவு தேறியது. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. பெட்டியில் தொள்ளாயிரத்து ஐம்பது கிராம் என்று அச்சடித்திருந்தார்கள். சமையலறைத் தராசில் வைத்தால் தொள்ளாயிரத்து எழுபது.

இருபது கிராம் பொய். அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

அந்தத் தராசு நான் வாங்கியதல்ல.

பேட்டரியைச் சோதிப்பது சுலபம். முழுக்க சார்ஜ் ஏற்றி, வெளிச்சத்தையும் சத்தத்தையும் பாதியில் வைத்து, ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். தானாக அணையும்போது மணி பார்க்க வேண்டும். என்னைப் போல் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு வீடியோ வைத்திருப்பார்கள். என்னுடையது பதினொரு வினாடி. அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

இதுவரை நாற்பத்தொரு லேப்டாப்புகள். ஒன்றைக்கூட நான் அணையவிட்டதில்லை. இரண்டு சதவீதம் வந்ததும் சொல்லிவைத்தாற்போல் கை சார்ஜருக்குப் போய்விடும். பிறகு 'மேல்' என்று எழுதி ஒப்பேற்றிவிடுவேன். இருபது கிராமுக்குக் கம்பெனியின் சட்டையைப் பிடிக்கிற ஆள்!

ஆனால் இந்தப் பக்கம் போய்விட்டால் மாதம் ஒரு லேப்டாப் வராது. இந்த வீட்டு அழைப்பு மணியை அடிப்பது கூரியர்காரர் மட்டும்தான். ஒவ்வொரு சோதனையின்போதும் விடிய விடிய வீட்டில் கேட்கிற அந்தச் சத்தமும் இருக்காது.

மூன்று சதவீதம்.

எழுந்து சுவரில் சொருகியிருந்த சார்ஜரைப் பிடுங்கினேன். துணி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். சாவியை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியக்கூடாது என்று நினைத்தேன். ஒற்றை ஆள் குடியிருக்கும் வீட்டில் அது நடக்கிற காரியமா?

வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இரண்டு சதவீதம். கை சும்மா இருக்க மறுத்தது. தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கடைசிவரை கூட இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கட்டிலை விட்டு நகராமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். பதினேழாம் நாள் காலை, காப்பி குடிக்கலாம் என்று கீழே போனேன். ஐந்தே நிமிடம். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

ஒரு சதவீதம். இந்தக் கடைசி ஒன்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. நான் எழுந்திருக்கவில்லை.

திரையில் என் மனைவி முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள். முதன்முதலில் சோதனைக்கு வந்த லேப்டாப்பில் கேமரா எப்படி இருக்கிறது என்று பார்க்க, அடுப்படி வேலையிலிருந்து அவளை இழுத்துவந்து உட்காரவைத்து எடுத்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆச்சா? போதும், அணைங்க. சார்ஜ் போயிடப்போகுது."

மறுபடி முடியை ஒதுக்கினாள். மறுபடி சொன்னாள். நேற்றுப் பிற்பகலிலிருந்து ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் தடவைக்கு மேல் சொல்லியிருப்பாள்.

"ஆச்சா?"

அவ்வளவுதான். திரை இருண்டது. மிச்சத்தை அவள் சொல்லவில்லை.

"ஆச்சு" என்றேன், சத்தமாகவே.

மணி ஒன்பது இருபத்திரண்டு. பதினெட்டு மணி நேரம், பன்னிரண்டு நிமிடம். எடிட்டருக்குப் போனில் தட்டி அனுப்பினேன். அழுதேன். கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதேன்.

பிறகு லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இன்னும் சூடாக இருந்தது. தராசின் மேல் வைத்தேன்.

தொள்ளாயிரத்து எழுபது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒரு கிராம்கூடக் குறையவில்லை.