மாமனாரின் ஈர விரல்

ஆகஸ்ட் வெயிலில் நிற்கும் காரின் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. போனாரியாவின் மடியில் கடற்கரையில் சாப்பிட எடுத்த லசாக்னா தட்டு சுட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே மாமனார் கவினோ விரலை நக்கிக் காற்றில் நீட்டுகிறார். “வடமேக்குக் காத்துடா. கிழக்குக் கரைக்கு விடு.” அவள் கணவன் எஃபிசியோ காரைக் கிளப்பவில்லை. “அங்க துண்டு விரிக்க இடமிருக்காதுப்பா. தெக்க போலாம்.” “தெக்க பூரா கல்லு. உங்கம்மா கால் தாங்குமா?” வீட்டுக்குக் கீழேயே மேற்குக் கடல் மின்னுகிறது. கண்ணாடி இடுக்கு வழியாக உப்பு வாடை வந்து அவள் உதட்டில் படிகிறது. “இங்கயே இறங்கிக் குளிக்கலாமே, மாமா?” இருவரும் சிரிக்கிறார்கள். “காத்துக்கு எதிர்லயா? இந்தத் தீவுக்குப் புதுசும்மா நீ.” கல்யாணமாகி வந்து பதினோரு கோடை ஆகிறது. தட்டு மெல்ல ஆறுகிறது. கவினோ மறுபடி விரலை நக்குகிறார். “இருங்க, காத்து திரும்புது.”